சீட்டில் எழுதியது யார்?

வணக்கம் சார். முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக அமெரிக்க ஹெர்பேரியங்களின் (உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் காப்பகங்கள்) லூயிசியா செடிப் பதிவுகளை இறக்கி வைத்திருக்கிறேன். ஒரே இனம், ஒரே நாள், சேகரித்தவரும் ஒருவரே. ஆனால் நாலு பதிவு. பழையவற்றில் வரைபடப் புள்ளி ஆற்றுக்குள் விழுகிறது. இதை நம்பலாமா?
- ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நாலு பதிவு இருப்பது பிழையல்ல. சேகரிப்பவர் ஒரே இடத்தில் நாலைந்து செடிகளைப் பறித்துக் காயவைப்பார். ஒன்றைத் தன் ஹெர்பேரியத்தில் வைத்து, மீதியை மற்ற ஊர்களுக்கு அனுப்பிவிடுவார். சேகரித்தவரின் எண்ணும் தேதியும் ஒத்துப்போனால் ஒரே சேகரிப்பாகக் கொள்ளுங்கள்.

புள்ளி விஷயம் அப்படியில்லை. ஒரு பதிவில் எது செடியைப் பறித்த இடத்தில் எழுதியது, எது அப்புறம் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன மெரிவெதர் லூயிஸ் 1806 ஜூலை 1 அன்று இன்றைய மொன்டானாவில் பறித்த செடியையே பாருங்கள். கிளார்க் ஆற்றருகே என்பதுதான் அதற்கு இடம். அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால் அது பிற்காலத்தில் யாரோ கணித்தது. பக்கத்திலேயே எத்தனை மீட்டர் பிசகலாம் என்ற கட்டம் இருக்கும், அதை விடாதீர்கள். லூயிசியா என்ற பெயரும் அன்று இல்லை. 1814இல் பிரெடரிக் பர்ஷ் என்ற தாவரவியலாளர் லூயிஸ் நினைவாக வைத்தது. குடும்பமும் மாறிவிட்டது: முன்பு நம் பருப்புக்கீரையின் குடும்பம், இப்போது மான்டியேசி.

அந்தச் செடியின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லூயிஸுக்கு அது முதலில் பூவாகத் தெரியவில்லை, உணவாகத்தான் தெரிந்தது. 1805 ஆகஸ்டில் ஷோஷோனி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் காய்ந்த வேரை வேகவைத்துத் தின்று பார்த்தார். கசப்பு தாங்காமல் அவர்களிடமே கொடுத்துவிட்டார். அவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு வேரோடு பறித்துக் காயவைத்ததில் ஒன்றை பிலடெல்பியாவில் மக்மேஹன் என்ற தோட்டக்காரர் மண்ணில் நட்டார். முளைத்துவிட்டது! ஓராண்டுக்கும் மேல் வளர்ந்தது. அப்புறம் ஏதோ விபத்தில் போய்விட்டது. பூவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று பர்ஷ் எழுதியிருக்கிறார். இனப்பெயர் ரெடிவைவா, மறுபடி உயிர்பெற்றது. லூயிஸின் மாதிரிகள் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1896இல்தான் தாமஸ் மீகன் என்ற தாவரவியலாளர் கண்டெடுத்தார்.

அதனால் செடியை ஒட்டிவைத்த தாளின் படம் இருக்கும் பதிவுகளில் கண்டிப்பாகப் படத்தைத் திறந்து பாருங்கள். பெயர் மாறினால் தாளில் இருக்கும் பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்க மாட்டார்கள், பக்கத்தில் புதிதாக ஒட்டுவார்கள். நூறு வருடத்தில் யார் யார் என்ன நினைத்தார்கள் என்பது அந்த ஒரே தாளில் இருக்கும்.

சில அரிய இனங்களுக்கு இடம் காலியாக இருக்கும். அது விடுபட்டதல்ல, தோட்டத்துக்காகத் தோண்டி எடுத்துப் போகிறவர்கள் இருப்பதால் மறைத்து வைத்தது. சேகரித்தவரின் மற்ற பதிவுகளை வைத்து அந்த இடத்தை நீங்கள் ஊகித்துவிட முடியும். தயவுசெய்து அதை உங்கள் வரைபடத்தில் போடாதீர்கள்.