டிரிஃப்ட் ஆன ஸ்டிக்கில் அப்பாவுக்கு ஒரு ரிமோட்

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால் டிவி ரிமோட்டின் சின்னப் பொத்தான்களை அழுத்த முடியவில்லை. ஒன்றை அழுத்தப் போனால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்குகிறது. ஸ்டிக் தானாக ஒரு பக்கம் ஓடுகிறது என்று மகன் ஓரங்கட்டிய கேம் கன்ட்ரோலர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை வைத்தே தாத்தாவுக்கு ரிமோட் செய்கிறேன் என்கிறான். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய கன்ட்ரோலர் இன்னும் ஒன்றிரண்டு வாங்கித் தரலாமா?

பதில்: மகனைச் செய்யவிடுங்கள், நல்ல யோசனை. ஆனால் பழைய கன்ட்ரோலர் வாங்க வேண்டாம். கையில் இருப்பதே போதும்.

முதலில் ஒரு சோதனை. இப்போதைய ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து சவுண்ட் பொத்தானை அழுத்துங்கள். நுனியில் ஊதா நிறத்தில் மினுங்கினால் அது இன்ஃப்ராரெட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியால் டிவிக்குக் கட்டளை அனுப்பும் ரிமோட். கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். இரண்டிலும் தெரியாவிட்டால் பெரும்பாலும் புளூடூத் ரிமோட். அதற்கு வழி வேறு.

சரி, ஸ்டிக் ஓடுகிறதே என்ற கவலைக்கு வருவோம். ஸ்டிக்கின் இரு பக்கமும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம்) ஒவ்வொன்று இருக்கும். அதற்குள் உள்ள கார்பன் தடம் தேய்வதால்தான் டிரிஃப்ட், அதாவது இந்தத் தானாக ஓடும் கோளாறு, வருகிறது. விளையாட்டில் துளி நகர்ந்தாலும் வம்பு. ரிமோட்டுக்கு வேண்டியதோ நான்கே திசை. ஆர்டுயினோ நானோ என்ற, நாமே புரோகிராம் எழுதிப் போடும் சின்ன போர்டு, ஸ்டிக்கின் நிலையை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். நடு நிலை 512 அருகில். 200-க்குக் கீழே, 800-க்கு மேலே போனால்தான் கட்டளை என்று எழுதிவிட்டால், ஸ்டிக் 560-ல் போய் நின்றாலும் ஒன்றும் ஆகாது. மல்டிமீட்டரில் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக் காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையே மின்தடையை அளந்தபடி ஸ்டிக்கை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். அளவு சீராக ஏறி இறங்கினால் போதும். விட்டு விட்டுத் தாவினால் அந்த ஸ்டிக் வேண்டாம். கம்பி இணைக்கத் தயாராக வரும் புது ஜாய்ஸ்டிக் மாட்யூலே நூறு ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. பழைய கன்ட்ரோலர் வாங்க வேண்டாம் என்றது இதனால்தான்.

ஸ்டிக்குக்கு 14 கால்கள். சாதாரண சால்டரிங் அயர்னால் அத்தனையையும் கழற்றப் போனால் போர்டில் உள்ள செம்புத் தடம் பெயர்ந்துவிடும். போர்டோடு சேர்த்துச் சுற்றிலும் அறுத்தெடுத்து, பழைய இணைப்புகளை வெட்டிவிட்டு, தேவையான கால்களில் மட்டும் கம்பி பற்றவைப்பது நல்லது.

வாங்க வேண்டியவை: நானோ போர்டு, 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் எல்இடி, அதை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், பழைய ரிமோட்டின் குறியீடுகளைப் படித்துக்கொள்ள ஒரு டிசாப் (TSOP) 1738 இன்ஃப்ராரெட் ரிசீவர். டிரான்சிஸ்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாமல் எல்இடியை நேராக இணைத்தால் கட்டிலிலிருந்து டிவி வரை சிக்னல் எட்டாமல் போகலாம். டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் குறியீடு தனித்தனி, இரண்டையும் படித்து வைக்க வேண்டும்.

கன்ட்ரோலருக்குள் இருக்கும் பழைய லித்தியம் பேட்டரியை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். உப்பியிருந்தால் குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அப்பா ஒரே இடத்தில் இருந்து பார்ப்பவர் என்றால் பழைய செல்போன் சார்ஜரிலேயே நானோவை ஓட்டலாம், பேட்டரியே வேண்டாம்.

அப்புறம், அப்பாவின் கை. ஸ்டிக்கைக் கனமான மரக்கட்டையில் பதித்து அடியில் ரப்பர் ஷீட் ஒட்டினால் ஒரு கையாலேயே இயக்கலாம், நழுவாது. ஸ்டிக்கின் தலையில் ஒரு பெரிய பாட்டில் மூடியை எம்சீல் வைத்து ஒட்டினால் உள்ளங்கையாலேயே தள்ளிவிடுவார். மேலும் கீழும் சவுண்ட், பக்கவாட்டில் சேனல். பிடித்திருக்கும் வரை சவுண்ட் ஏறலாம். சேனல் மட்டும் ஒரு தள்ளலுக்கு ஒன்றுதான் மாற வேண்டும். ஆன், ஆஃப் வேலையை ஸ்டிக்கை அமுக்குவதில் வைக்காதீர்கள், கை பாரத்திலேயே டிவி அணைந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு பெரிய பொத்தானைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.