வாசகர் கேள்வி-பதில்: கைதட்டினார்கள், பிறகு யாரும் தொடவில்லை

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் சரக்கு அனுப்பும் நிறுவனம் நடத்துகிறோம். அலுவலகத்தில் 14 பேர், எல்லாரும் மலேசியர்கள். ஆள் வரவழைத்து ஒரு நாள் ஏஐ பயிற்சி கொடுத்தோம். இரண்டு வாரத்தில் எல்லாரும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். மூத்தவர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த பயிற்சியைப் பேச்சாளரின் படக்காட்சியிலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் கோப்பிலிருந்து தொடங்குங்கள். யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார் என்று ஒரு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். தினமும் வருகிற வேலை, தவறு நேர்ந்தாலும் வெளியே போவதற்கு முன் கண்ணில் படும் வேலை ஒன்றை மட்டும் எடுங்கள். விலை கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது பொருந்தும். சுங்க அறிவிப்பு வேண்டாம்; பொருளின் குறியீடு மாறினால் வரியே மாறிவிடும்.

நான்கு பேர் கொண்ட குழு, வாரம் இருமுறை, 45 நிமிடம், ஆறு வாரம் போதும். ஏற்கெனவே அனுப்பிய 20 பழைய பதில்களைப் பெயர் நீக்கி எடுத்துவையுங்கள். அதே கேள்விக்கு ஏஐ எழுதித் தருவதை அதனுடன் வரிக்கு வரி ஒப்பிட்டுத் தவறைத் தேடுவதுதான் பாடம்.

எங்கே சறுக்கும்? சேவை வரி 2024 மார்ச் 1 அன்று 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. ஆனால் உங்களுடையது போன்ற தளவாடச் சேவைக்கு (சரக்குப் போக்குவரத்து) 6 விழுக்காடுதான். ஏஐ தயங்காமல் 8 என்று எழுதிவிடக்கூடும். எங்கும் அதிகம் பேசப்பட்ட எண் அதுதான். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் கருவிக்கு உங்கள் தொழிலின் விதிவிலக்கு தெரிய வேண்டுமென்பதில்லை. அதனால் கட்டணப் பட்டியலையும் கேள்வியோடு கொடுங்கள். 'இதில் உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்து, இல்லாததைக் காலியாக விடு' என்று எழுதுங்கள். அப்படியும் எண்ணை இன்னொருவர் பார்க்க வேண்டும். மலாய்க் கடிதத்தில் 'பெஜாபாட்' (அலுவலகம்) இருக்க வேண்டிய இடத்தில் இந்தோனேசியக் 'கந்தோர்' நுழைவதும் உண்டு. வாடிக்கையாளர் சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்த இன்னொருவர் உங்கள் மூத்த பணியாளராக இருக்கட்டும். எது தவறு என்று பார்த்ததும் தெரிவது அவருக்குத்தான். வேலை போய்விடுமோ என்ற பயம் பற்றி முதலாளியே நேரில் பேச வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

செலவு விஷயம்: 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் இருப்பதால் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுவீர்கள். அதிலிருந்தே பயிற்சிக்கு நிதி கேட்கலாம், ஆனால் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடித்துவிட்டு ரசீதோடு போனால் கதவு மூடியிருக்கும். அடிப்படை தெரியாதவர்களுக்கு 2024 ஜனவரியில் தொடங்கிய 'ஏஐ உந்தோக் ராயாட்' (மக்களுக்கான ஏஐ) என்ற இலவச இணையப் பாடம் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரம். தமிழிலும் கற்கும்படி வெளியானது.

கேள்வி: வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை மறைத்துவிட்டு ஏஐயிடம் கொடுக்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம். 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். கோலாலம்பூர் என்றால் 14, பினாங்கு என்றால் 07. பெயரும் கூடவே இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அது போதும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு நிறுவனத்துடையது. எண்ணை முழுதாக நீக்கி, பெயருக்குப் பதில் 'வாடிக்கையாளர் 1' என்று போடுங்கள். யார் அந்த 1 என்ற பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.