பைபர் படகில் பிசுபிசுப்பு

அன்புள்ள ஐயா,

தேவனாம்பட்டினத்தில் எங்கள் பைபர் படகின் அடியில் விழுந்த விரிசலுக்கு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) வைத்து ரெசின் பூசினோம். இரண்டு நாளாகியும் மேலே கை ஒட்டுகிறது. மிச்ச ரெசினோ மக்கிலேயே புகைந்து, இறுகி விரிசல் விட்டுவிட்டது. ஒரே கலவை, ஏன் இப்படி? ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டினால் சரியாகுமா?

மு., கடலூர்

அன்புள்ள மு.,

கூட்டாதீர்கள். பிசுபிசுப்புக்குக் காரணம் காற்று.

நீங்கள் வாங்கும் ரெசின் பாதி முடிந்த பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு. கிளைக்கால், மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற இரண்டு மூலப்பொருள்களும் ஆலையிலேயே தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாலியெஸ்டர் சங்கிலியாகி, ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்து கிடக்கின்றன. மூக்கில் ஏறும் நெடி ஸ்டைரீனுடையது. மீதி வேலை படகின் மேல் நடக்கிறது. கேட்டலிஸ்ட்டிலுள்ள பெராக்சைடை, வேகமூட்டச் சேர்க்கும் கோபால்ட் உடைக்கிறது. உடைந்த துண்டில் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று நிற்கும். அது ஒரு ஸ்டைரீனின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஒட்டிக்கொள்ள, ஜோடியில்லாத முனை இப்போது அந்த ஸ்டைரீனில். அது அடுத்ததைப் பிடிக்கும். வழியில் பாலியெஸ்டரின் இரட்டைப் பிணைப்பு அகப்பட்டால் அதையும் கோத்துக்கொள்ளும். இப்படிச் சங்கிலிகளுக்கிடையே பாலம் விழுந்து வலையாகிவிடுவதால்தான் இறுகிய பைபர் மறுபடி உருகுவதில்லை.

மேற்பரப்பில் ஆக்சிஜன் முந்திக்கொண்டு அந்த முனையில் ஏறிவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய முனை அடுத்த ஸ்டைரீனை எளிதில் பிடிக்காது. மக்கிலோ சூடு வெளியேற வழியில்லை. ஒவ்வொரு பிணைப்பும் வெப்பம் விட, வெப்பம் வேகத்தைக் கூட்ட, ஸ்டைரீனே ஆவியாகிப் புகையும். இறுகும்போது கன அளவும் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும், விரிசல் அதனால். அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே பூசுங்கள்.

ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம். எடை பார்த்து ஊற்றுங்கள், மூடிக்கணக்கு வேண்டாம். பெயர்தான் கேட்டலிஸ்ட், வேலை செய்து தீர்ந்துபோகும் பொருள் அது. அதிகமானால் ஒரே நேரத்தில் ஏராளமான சங்கிலிகள் கிளம்பிக் குட்டையாகவே முடிந்துவிடும். அதோடு வரும் பிளாஸ்டிசைசர் என்ற இளக்கித் திரவமும் உள்ளே தங்கி ரெசினை இளக்கும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும்.

இப்போது ஒட்டும் படலத்தை அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகுக் கரைசல் சேர்த்த ரெசினைக் கடைசிப் பூச்சாகக் கொடுங்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும். நடு அடுக்குகளில் மட்டும் மெழுகு வேண்டாம், அதன்மேல் அடுத்த அடுக்கு பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். நனைந்த மேட் வெள்ளைபூத்து, அந்த இடத்திலேயே பிரியும்.