தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சியா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இரவில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மாமியார் சொன்னதால், இரண்டு மாதம் முன்பு பூச்சி மாத்திரை கொடுத்தேன். இன்னும் நிற்கவில்லை. மறுபடியும் கொடுக்கலாமா?

பதில்: பல் கடிப்பதை மட்டும் வைத்து மறுபடியும் கொடுக்க வேண்டாம். பல் கடிக்கும் குழந்தைகளிடம் பூச்சித் தொல்லை அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வித்தியாசமே இல்லை என்கின்றன வேறு சில. பூச்சிதான் காரணம் என்று இதுவரை உறுதியாகவில்லை.

ஆனாலும் உங்கள் மாமியார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெண் கீரிப்பூச்சி, குழந்தை தூங்கியபின் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அந்த அரிப்பில் தூக்கம் அரைகுறையாகக் கலையும். பல் கடிப்பதும் பெரும்பாலும் அப்படித் தூக்கம் கலையும் நேரத்தில்தான். ஆகவே இரவில் ஆசனவாயைச் சொறிகிறானா, புரண்டுகொண்டே இருக்கிறானா என்று கவனியுங்கள். தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போல நெளிந்தால் அது கீரிப்பூச்சி.

மலப் பரிசோதனையில் இதன் முட்டை பெரும்பாலும் சிக்காது. காலையில் எழுந்ததும், மலம் கழிப்பதற்கும் கழுவுவதற்கும் முன், கண்ணாடி போன்ற செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, லேபில் வாங்கிய கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி லேபில் கொடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால்தான் முடிவை நம்பலாம்.

பூச்சி இருந்தால் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை ஒன்றை நன்றாக மென்று விழுங்கட்டும். (ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு 200 மி.கி. போதும்.) பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை முழுதாக அழிக்காது. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாத்திரை கட்டாயம். வீட்டில் எல்லோரும் அதே நாளில் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முட்டை துணியிலும் நகத்திலும் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் குளிப்பாட்டுங்கள், ஜட்டியைத் தினமும் மாற்றுங்கள், படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள்.

அரிப்பு இல்லை, டேப்பிலும் ஒன்றும் இல்லை என்றால் பூச்சியை மறந்துவிடுங்கள். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேசிய குடற்புழு நீக்க நாளில் தரும் மாத்திரை போதும்.

அதைவிட முக்கியமாக, குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்தே தூங்குகிறானா என்று பாருங்கள். அடினாய்டு (மூக்கின் பின்பக்கம் உள்ள சதை), டான்சில் வீக்கத்தால் மூச்சு தடைபட்டாலும் பல்லைக் கடிப்பார்கள். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இதைத் தவறவிடும் வீடுகள் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.

பள்ளிப் பயம், வீட்டுச் சண்டை, மாலையில் குடிக்கும் காபி, கோலா, படுக்கும்வரை பார்க்கும் செல்போன் ஆகியவையும் காரணமாகலாம். இவை எதுவும் இல்லாமலும் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் இந்த வயதில் பல குழந்தைகள் கடிப்பதுண்டு. பெரும்பாலும் நிரந்தரப் பற்கள் வந்தபின் தானாக நின்றுவிடும். தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் இப்போதே பல் கவசம் மாட்டுவது பொதுவாகத் தேவைப்படாது. பல் தேய்ந்து தட்டையானாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசினாலோ, காலையில் தாடையோ தலையோ வலிக்கிறது என்றாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.