யானைத் தலைச் சின்னமும் சாதாரண தரக் கணிதமும்

அன்பின் அம்மா,

உங்கள் கடிதத்தோடு மகனின் கொப்பியிலிருந்து கிழித்து அனுப்பிய பக்கத்தையும் பார்த்தேன். பதினோராம் ஆண்டில் படிக்கிறவன் பாடத்தை விட்டுவிட்டு விமானப்படைச் சின்னங்களை வரைந்துகொண்டிருக்கிறான் என்று வருந்தியிருக்கிறீர்கள். பக்கத்தைக் கிழித்ததுதான் எனக்குச் சற்று வருத்தம். படம் நன்றாகவே வந்திருக்கிறது.

மூலையில் ஒரு யானைத் தலை இருக்கிறதல்லவா? அது கனடா விமானப்படையின் 413ஆவது படைப்பிரிவின் சின்னம். இரண்டாம் உலகப் போர் நடந்த 1941இல் ஸ்கொட்லாந்தில் அமைக்கப்பட்ட அந்தப் பிரிவு, அடுத்த ஆண்டே காலிக்கு அப்பால் உள்ள கொக்கலைக்கு வந்து சேர்ந்தது. நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் கட்டலினா விமானங்கள் அதனிடம் இருந்தன. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, லெனார்ட் பர்ச்சல் தலைமையில் சென்ற விமானம் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியப் போர்க்கப்பல்களைக் கண்டது. கரைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பைத் தாக்க வந்தவர்கள் எதிர்பார்த்த கப்பல்களில் பல அதற்குள் துறைமுகத்தை விட்டுப் போயிருந்தன. இலங்கையில் பணியாற்றிய அந்த நாட்களின் நினைவாகத்தான் பனி கொட்டும் நாட்டின் படைப்பிரிவு ஒன்று யானையைச் சுமக்கிறது. அதற்கு இன்று தேடுதலும் மீட்புமே முதன்மையான வேலை.

இதை மகனுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கேளுங்கள்: அந்த விமானத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள், அத்தனை பேருமா விமானிகள்? வழி கணித்தவர் ஒருவர், வானொலியில் செய்தி தட்டியவர் ஒருவர், இயந்திரத்தைக் கவனித்தவர் ஒருவர். செய்தி கரைக்கு வந்திராவிட்டால் பர்ச்சலின் பெயரை இன்று யாரும் சொல்லமாட்டார்கள். படையில் சேர விரும்பும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் விமானியின் இருக்கையை மட்டுமே பார்க்கிறார்கள். வாசல்களிலேயே மிகக் குறுகியது அதுதான்.

நம் நாட்டு விமானப்படை 1951 மார்ச் 2ஆம் திகதி 'றோயல்' என்ற அடைமொழியோடு தொடங்கியது. 1972இல் நாடு குடியரசானபோது இலங்கை விமானப்படை என்ற இன்றைய பெயர் வந்தது. விமானிகளுக்குப் பயிற்சி சீனக்குடாவில், பாரமான போக்குவரத்து விமானங்கள் இரத்மலானையில், ஹெலிகொப்டர்கள் ஹிங்குராக்கொடையில் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இருப்பிடம், ஒரு வேலை. நமக்குப் பக்கத்தில் தியத்தலாவையிலும் ஒரு பயிற்சி நிலையம் உண்டு. 2014 முதல் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐ.நா. பணியிலும் இதன் ஹெலிகொப்டர்கள் ஈடுபட்டன. இவற்றைப் பறக்க வைக்கும் தொழில்நுட்பவியலாளர், மின்னியலாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், மருத்துவ உதவியாளர் எல்லோரும் சீருடை அணிந்தவர்களே. பெண் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. 2020இல் இருவர் விமானிகளாகச் சிறகுச் சின்னம் பெற்றார்கள்.

'நம்ம சனத்துக்கு அது சரிவருமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. வடக்கு கிழக்கில் வானிலிருந்து குண்டு விழுந்த ஆண்டுகள் நம் உறவுகளின் நினைவில் இருக்கின்றன. அந்த நினைவோடு ஒரு குடும்பம் 'வேண்டாம்' என்றால் அதில் நியாயம் உண்டு. வெள்ளத்திலும் மண்சரிவிலும் அதே படையின் ஹெலிகொப்டர்கள் உணவும் நோயாளிகளும் ஏற்றிச் சென்றதும் உண்மை. இரண்டையும் அவன் முன் வையுங்கள். முடிவு அவனுடையதாக இருக்கட்டும், ஆனால் பதினாறு வயதில் அல்ல. உயர்தரம் முடிந்த பிறகு.

அதுவரை செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலாவது கணிதம். விஞ்ஞானமும் ஆங்கிலமும் அதற்கு அடுத்தபடி. அனுப்பிய தவணை அறிக்கையில் கணிதத்துக்கு 41 புள்ளி. விமானம் மட்டுமல்ல, பஸ் இயந்திரம் திருத்தும் படிப்புக்கும் இது போதாது. சிங்களத்தைக் கடையில் பேசும் அளவோடு நிறுத்தாமல் எழுதப் படிக்கவும் பழக வேண்டும். பயிற்சி முகாமில் அது இல்லாமல் நாள் ஓடாது. அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் சிகிச்சைப் பிரிவில் நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள். விமானியாகும் எண்ணத்துக்கு அதில் குறையிருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உயரம், வயது போன்ற நிபந்தனைகளை ஆட்சேர்ப்பு அறிவித்தலைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும், பக்கத்து லயன் வீட்டு அண்ணன் சொல்வதை அல்ல. படை வேண்டாம் என்று தீர்மானித்தாலும் இதே பாடங்கள் விமானப் பராமரிப்புக்கும் மற்றத் தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் வழிவிடும்.

கடைசியாகப் பத்திரங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் தடுமாறுவது அறிவினால் அல்ல, காகிதத்தினால். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ராமையா, பாடசாலைப் பதிவேட்டில் இராமையா, அடையாள அட்டையின் ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல். 1948இல் குடியுரிமையை இழந்த மலையகத் தமிழ்ச் சமூகத்துக்கு ஓர் எழுத்துப் பிழையும் சிறிய விடயம் அல்ல. சாதாரண தரப் பரீட்சைக்கு எப்படியும் அடையாள அட்டை தேவை. அந்த விண்ணப்பம் அதிபரின் கையில் போகுமுன் மூன்றையும் மேசையில் அடுக்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் சொல்லுங்கள். இந்த வாரமே போங்கள், திருத்தம் கைக்கு வர மாதக்கணக்காகலாம்.