பளபளப்புக்காகக் கொடுத்த கார், வெளுத்துப்போன பானட்: புதுச்சேரிக் கடை மீது கடலூரில் வழக்குத் தொடரலாமா?

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் மனைவியின் பெயரில் பதிவாகியுள்ள அடர் நீலக் காரை, எட்டு மாதங்களுக்கு முன்பு, புதுச்சேரியில் உள்ள ஒரு கடையில் செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) போடுவதற்காகக் கொடுத்தேன். 28,000 ரூபாயை யுபிஐ மூலம் செலுத்தினேன். மூன்று ஆண்டு வாரண்டி என்று எழுதிய அட்டை ஒன்றைத் தந்தார்கள். கேட்டும் பில் தரவில்லை. ஒரு மாதத்திலேயே வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. இப்போது பானட்டின் முன் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. கடலூரின் உப்புத் தண்ணீரில் கழுவியதால் வந்த கோளாறு என்கிறார் கடைக்காரர். ஆனாலும், காரைக் கொண்டுவந்தால் இலவசமாக மறுபடி பாலிஷ் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? வழக்கு என்றால் புதுச்சேரிக்குத்தான் அலைய வேண்டுமா? காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: காரை இப்போது மறு பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். மற்ற கேள்விகளுக்கு நிதானமாக விடை காணலாம். இதில் மட்டும் அவசரப்பட்டால் வழக்கின் முதன்மைச் சான்றே அழிந்துவிடும்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற ஒரு படலம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் இதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் திறனும் பெரும்பாலும் இந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. செராமிக் கோட்டிங் போடுவதற்கு முன் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைத் தடவி மெஷினால் தேய்ப்பது, பழைய கீறல்கள் மறையும் மட்டத்துக்கு இந்தப் படலத்தைச் சிறிது சீவி எடுக்கும் வேலை. அளவோடு செய்தால் சில மைக்ரான் மட்டுமே குறையும். சூடேறிய மெஷினை ஒரே இடத்தில் அழுத்தினாலோ, பானட்டின் விளிம்பு, மடிப்புக் கோடு போன்ற இடங்களில் கவனமின்றி ஓட்டினாலோ படலம் முழுவதும் தேய்ந்து, அடியில் உள்ள நிறம் வெயிலுக்கு நேராகக் காட்டப்படும். நீங்கள் விவரிக்கும் வெளுப்பு விளிம்பில் இருப்பதைப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். போன படலத்தை எந்தப் பாலிஷாலும் திரும்ப வைக்க முடியாது. மறுபடி தேய்த்தால் வட்டக் கீறல்கள் மறையலாம். ஆனால் மிச்சமிருக்கும் படலமும் குறையும், கடைக்காரரின் முதல் வேலையில் என்ன நடந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். எனவே அவரது அழைப்புக்கு, 'சுயேச்சையான பரிசோதனை முடிந்த பிறகு முடிவு சொல்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுத்துப்பூர்வமாக, மரியாதையாகப் பதில் அனுப்புங்கள். மறுத்துவிட்டீர்கள் என்று பின்னர் அவர் வாதிடாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

பரிசோதனை என்பது பெரிய செலவுள்ள காரியமன்று. பெயின்டின் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவி, நிறுவன சர்வீஸ் சென்டர்களின் பெயின்ட் பிரிவிலும், பழைய கார் வாங்கி விற்பவர்களிடமும், வாகனச் சேதம் மதிப்பிடும் சர்வேயர்கள் சிலரிடமும் இருக்கிறது. அந்தச் சாதாரணக் கருவி கிளியர் கோட்டைத் தனியாக அளப்பதில்லை, எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தே அளக்கும். உலோகப் பகுதியில் மட்டுமே வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. ஆகையால் ஒரு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் பயனில்லை. அதே பானட்டின் நடுவில் பல இடங்கள், வெளுத்த விளிம்பு, அதற்கு எதிர்ப்புற விளிம்பு ஆகியவற்றை அளந்து, வேறுபாட்டைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அளந்தவர் காரின் பதிவு எண், தேதி, அளவுகள், தமது கருத்து ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதுவரை மெழுகோ வேறு பாலிஷோ தடவ வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் கீறல்களைத் தற்காலிகமாக மூடி மறைக்கும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் புகைப்படமும் காணொளியும் எடுத்து, எடுத்த கைபேசியையே பத்திரமாக வைத்திருங்கள்.

நுகர்வோர் வழக்கில் சேவை குறைபாடுடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் புகார்தாரர் மீதுதான் இருக்கிறது. நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், 'கார் கெட்டுப்போனது' என்ற வருத்தத்தை மட்டும் மனுவில் எழுதி, நிபுணர் அறிக்கை ஏதுமின்றித் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உப்புத் தண்ணீர் வாதத்துக்கு வருவோம். அதை அடியோடு தள்ளிவிட முடியாது; போர்வெல் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் வெயிலில் விட்டால், கால்சியம் படிந்த வெள்ளைப் புள்ளிகள் பெயின்டில் ஊறிப்போவது உண்மைதான். ஆனால் அவை நீர்த்துளிகள் நின்று காய்ந்த இடங்களில் சொட்டுச் சொட்டாகத் தெரியும். மெஷின் ஓடிய பாதையிலேயே வளைந்து செல்லும் கீறல் வட்டங்களையும் விளிம்பில் படலம் தேய்வதையும் தண்ணீர் உண்டாக்குவதில்லை. அழுக்குத் துணியால் துடைத்தாலும் மெல்லிய வட்டக் கீறல்கள் விழும் என்று அவர் தரப்பில் சொல்ல இடமுண்டு. அதனால்தான் உங்கள் வழக்கின் வலு கீறல்களில் அல்ல, அந்த விளிம்பில் இருக்கிறது. அத்துடன், கடையின் விளம்பரத்திலோ வாரண்டி அட்டையிலோ 'உப்புக் காற்று, உப்பு நீரிலிருந்து முழுப் பாதுகாப்பு' என்பது போன்ற வாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். எதிலிருந்து காப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினாரோ அதையே சேதத்துக்குக் காரணமாகக் காட்டினால், அது தவறான விளம்பரம் பற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(28)-க்குள்ளும், நேர்மையற்ற வணிக நடைமுறை பற்றிய பிரிவு 2(47)-க்குள்ளும் அவரையே கொண்டுவந்து நிறுத்தும். விளம்பரம் இணையத்தில் இருந்தால், அழிப்பதற்குள் இன்றே அதைத் தேதியுடன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். '9எச் கடினம், கீறலே விழாது' என்ற வாசகம் இருந்தால் அதையும் சேருங்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல் ஒன்றின் மேல்நிலையைக் குறிக்கிறதே தவிர, கல்லும் மணலும் கீறாது என்பதற்கான உறுதி அன்று.

பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அளித்த சேவைக்கு பில் தராமல் இருப்பதே பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. கடையின் கணக்குக்கு நீங்கள் அனுப்பிய யுபிஐ தொகை வங்கிக் கணக்கு அறிக்கையில் இருக்கிறது. வாரண்டி அட்டையும் வாட்ஸ்அப் உரையாடலும் அதனுடன் சேர்ந்தால் போதுமான சான்றாகும்.

வழக்கை எங்கே தொடர்வது என்பதில் 2019 சட்டம் உங்களுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பினர் தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. கடலூர்க்காரர் ஒருவர் புதுச்சேரிக் கடையுடன் தகராறு என்றால், பக்கத்து ஊரானாலும் வேறொரு ஒன்றியப் பிரதேசத்தின் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது பிரிவு 34(2)(ஈ)-இன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தொடரலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்கள் புகாரை விசாரிக்க அதிகாரம் உடையது. மேல்முறையீடு தமிழ்நாடு மாநில ஆணையத்துக்குச் செல்லும். 'புதுச்சேரி நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது' என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்தாலும், சட்டம் தந்த இந்த உரிமையை அந்த வரி பறிக்காது என்பதே என் கருத்து.

'பெயின்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வாசகமும் அதே அட்டையில் இருக்கக்கூடும். உங்கள் காரை வேலைக்காகப் பெற்றுக்கொண்டவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தக் காரை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 151. மனுவில் இந்தப் பிரிவையும் சேவைக் குறைபாட்டையும் நம்பி வாதிடுங்கள். அந்த நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கோராதீர்கள். அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, அதனால் உங்கள் மனு வீணாகத் தாமதப்படும்.

கார் மனைவியின் பெயரில் இருப்பது தடையில்லை. பணம் கொடுத்துச் சேவையைப் பெற்றவர் நீங்கள். உங்கள் மூலம் அதன் பயனை அடைபவரும் நுகர்வோரே. எனினும் காருக்கு உரிமையாளர் அவர் என்பதால், இருவரும் சேர்ந்தே புகார்தாரர்களாக இருங்கள். வாரண்டி அட்டையில் வேறு நிறுவனத்தின் பெயரோ கோட்டிங் தயாரிப்பாளரின் பெயரோ இருந்தால், அந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்க வேண்டும்.

முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதினைந்து நாள் அவகாசம் தந்து, பரிசோதனை அறிக்கையின் நகலுடன் விரைவுத் தபாலில் அனுப்பினால், பல தகராறுகள் அங்கேயே தீர்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். தீராவிட்டால் நேரிலோ இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்கு இணையதளத்திலோ புகார் தாக்கல் செய்யுங்கள். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பதால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். கீறல் கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணலாம் என்றாலும், பாதுகாப்பாக, வேலை முடித்துக் காரைத் தந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கோரிக்கையில் நிதானம் தேவை. கட்டிய 28,000 ரூபாய், பானட்டுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் மதிப்பீட்டுத் தொகை, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். மற்ற பகுதிகளில் படலம் நன்றாக இருக்கும்போது கார் முழுவதற்கும் பெயின்ட் செலவு கேட்டால், உண்மையான கோரிக்கையின் மீதும் ஐயம் விழும்.

காவல் நிலையப் புகாரை நான் பரிந்துரைக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318 கூறும் மோசடிக்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். மோசமாகச் செய்த வேலை மட்டும் அதற்குப் போதாது. செராமிக் என்று சொல்லி வெறும் மெழுகைத் தடவினார்கள் என்று காட்டும் சான்று கிடைத்தால் நிலைமை மாறும்; அப்போது மீண்டும் எழுதுங்கள்.

வழக்கு நடக்கும்போது ஆணையம் சமரசத்துக்கு அனுப்பக்கூடும், தயங்காமல் செல்லுங்கள். கடைக்காரர் பணம் தர முன்வந்தால் தொகையையும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். பானட்டைத் தம் கடையிலேயே சரிசெய்து தருவதாகச் சொன்னால், வேறு பெயின்ட் கடையில் செய்து செலவை அவர் ஏற்கட்டும் என்று கேளுங்கள். ஆணையம் உத்தரவிட்டும் பணம் தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 71-இன்படி, உத்தரவை நிறைவேற்றக் கோரும் நிறைவேற்று மனு போடலாம். அதே சட்டத்தின் பிரிவு 72-இன்படி ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.