அப்பாட எம்.ஆர்.ஐ. ரிப்போட்டைப் பாத்துப் பயந்த வெள்ளவத்தை மகளுக்கு

தங்கச்சி, அப்பாட மலக்குடல் கேன்சருக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போட்டில உள்ளதைப் பத்திக் கேட்டு நீங்க எழுதினதை வாசிச்சன், மத்ததெல்லாம் பிறகு. கடைசி வரியில சும்மா எழுதியிருக்கிறீங்க, அப்பாவுக்கு மூணு நாளா மலம் போகேல்ல, வயிறு ஊதியிருக்கு, அம்மா பாமசியில பேதிக் குளிசை வாங்கிக் குடுக்கிறா எண்டு. முதல்ல அதை நிப்பாட்டுங்க. மலக்குடலுக்குள்ள கட்டி இருக்கிற ஆளுக்கு இது சாதாரண மலச்சிக்கல் இல்ல, வழி அடைபடத் தொடங்கியிருக்கலாம், அடைச்ச குடலைப் பேதி குடுத்து முறுக்கினா அது ஓட்டை விழக்கூட இடமிருக்கு. இண்டைக்கே அவரைப் பாக்கிற டொக்டருக்குச் சொல்லுங்க. காத்தும் போகேல்ல, விட்டு விட்டு வலிக்குது, சத்தி வருது எண்டா விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேணாம், வாயால ஒண்டும் குடுக்காம 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ரிப்போட்டும் கையில இருக்கட்டும்.

இப்ப உங்கட பயத்துக்கு வாறன். அப்பா இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் எண்டுதானே கேக்க வந்தீங்க? அதை இந்த ஸ்கேன் சொல்லாது. எந்த வைத்தியத்தை முதல்ல தொடங்கிறது எண்டு பாக்க எடுத்தது இது, வைத்தியம் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள கூகிளைப் பாத்து நாள் குறிச்சிட்டீங்க!

ரிப்போட்டில உள்ள சி.ஆர்.எம். எண்டது சர்ஜன் வெட்டப்போற எல்லை. கட்டி அதுக்கு 1 மி.மீ.க்குள்ள வந்திட்டா, உடன ஒபரேஷன் செஞ்சா ஓரத்தில மிச்சம் நிண்டு அதே இடத்தில திரும்ப வரலாம், அதாலதான் முதல்ல ரேடியேஷனும் கீமோவும் குடுத்துக் கட்டியைச் சுருக்கப் பாக்கிறது.

உங்களை நித்திரை கொள்ள விடாதது ஈ.எம்.வி.ஐ. பொசிட்டிவ். குடலுக்கு வெளிய இருக்கிற ரத்தக்குழாய்க்குள்ள கட்டி நுழைஞ்சிருக்கு எண்டு அர்த்தம், ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிற ரிஸ்க் கூட, அதை மறைக்கமாட்டன். ஆனா பரவிட்டுது எண்டு எங்கயும் எழுதேல்ல, அதைப் பாக்க நெஞ்சுக்கும் வயித்துக்கும் சிடி இருக்கு. 2020 கடைசியில வந்த ராப்பிடோ எண்ட மலக்குடல் கேன்சர் ஆய்வில சேத்ததே எம்.ஆர்.ஐ.யில இப்பிடி ஆபத்தான அடையாளம் உள்ள ஆக்களைத்தான். 5 நாள் ரேடியேஷன், பிறகு கீமோ, அதுக்குப் பிறகு ஒபரேஷன் எண்டு போனவங்கள்ள 100க்கு 28 பேருக்கு வெட்டி எடுத்த குடல்ல உயிருள்ள கேன்சர் செல் ஒண்டும் இருக்கேல்ல, ரேடியேஷனும் கீமோவும் ஒண்டாக் குடுத்துப் பிறகு வெட்டிற பழைய முறையில 14 பேருக்குத்தான். (புது முறையில இடுப்புக்குள்ள திரும்ப வாறது கொஞ்சம் கூட எண்டும் பிறகு தெரிஞ்சது, அதால அப்பாவுக்கு எது சரி எண்டதை கேன்சர் டொக்டரும் சர்ஜனும் சேந்து முடிவெடுக்கட்டும்.)

நீங்க கேட்ட மத்ததுகளுக்கு வாறன். எம்.ஆர்.ஐ.யில ரேடியேஷன் இல்ல, அது காந்தம். அப்பா பல் அடைச்சிருக்கிறதால இந்த ஸ்கேனுக்கு ஒண்டும் ஆகாது. நெறிக்கட்டி 6 மி.மீ. எண்டதுக்கு அழவும் வேணாம், சைஸை மட்டும் வச்சு கேன்சரா இல்லையா எண்டு ரேடியோலொஜிஸ்டுக்கே உறுதியாச் சொல்ல ஏலாது. குடுக்கலாமோ எண்டு கேட்ட அன்னமுன்னா இலைக் கசாயம், தயவுசெய்து வேணாம், கீமோ நேரத்தில ஈரலுக்கு என்ன நடந்தது எண்டு எங்களுக்கே குழம்பும்.

வைத்தியம் முடிஞ்சு சில கிழமையால திரும்ப ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பாங்க. கட்டி தழும்பா மாறியிருக்கா, ரத்தக்குழாய்க்குள்ள இருந்தது சுருங்கியிருக்கா எண்டு பாக்க. எவ்வளவு காலம் எண்ட கேள்வியை அப்ப கேளுங்க, அப்பாவையும் பக்கத்தில வச்சுக்கொண்டு. ரிப்போட்டை அவருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சா மகரகமை கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எப்பிடிக் கூட்டிக்கொண்டு போவீங்க?